தன் கையால் ஒரு கவளம்

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து பந்தி விரிக்கும் வேளையில் ஓசையின்றி எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிற அங்கத்தினர் ஒருவர் நாம் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் இருக்கிறார். கணக்கு வாசிக்கும்போது மிக உன்னிப்பாகக் கேட்பவர் அவர். நூல் ஒதுக்கீடு பற்றியும் கூலி உயர்வு பற்றியும் அவர் எழுப்பும் கேள்விகளுக்கு நிர்வாகிகள் முன்கூட்டியே விடை தேடி வைத்துக்கொள்வார்கள். அத்தகையவர் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் காணாமற்போவானேன் என்று நாம் விசாரித்தோம். 4 ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் கண்டது. உயிருக்கு ஆபத்தில்லாமல் தேறினார், நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது. நாற்பதாண்டுகள் நாடாக் கயிற்றை இழுத்த வலக்கை மட்டும் முழுவதும் திரும்பவில்லை. தோள் உயராது. முழங்கை பாதிதான் மடங்கும். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப இயலாது. விரல்கள் தளர்வாக மூடும், இறுகப் பற்றா.

அவர் வீட்டில் மருமகள் ஊட்டுகிறாள். "மாமா, ஆறிப்போகிறது, இன்னும் ஒரு வாய்" என்று அவள் அன்போடு சொல்வதும், "போதுமம்மா, நீ போய்ப் பிள்ளையைப் பார்" என்று அவர் பாதி வயிற்றோடு முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொள்வதும் நாள்தோறும் நடப்பவை. இடக்கையால் சாப்பிடலாமே என்று மருத்துவர் சொன்னார். அதை அவர் மனம் ஏற்கவில்லை. இலைமுன் அமர்ந்து இடக்கையை நீட்டுவது நம் வழக்கத்தில் எத்தகைய கூச்சத்தைத் தரும் என்பதை நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒருவர் தன் கையால் உண்பதைப் பற்றி நாம் சாதாரணமாக எண்ணிப் பார்ப்பதே இல்லை. அது இயலாமற்போன வீட்டில் வாழ்க்கையே வேறாகிவிடுகிறது. பசித்தபோது உண்ண முடியாது; ஊட்டுபவர் ஓய்ந்தபோதுதான் உண்ண வேண்டும். இன்னும் ஒரு கவளம் வேண்டுமென்று கேட்கவும் நாணம். ஊட்டுபவரோ வயலுக்கோ தறிக்கோ போக வேண்டியவர். இந்தக் கஷ்டத்தைக் குறைக்கக் கூடிய கருவிகள் உலகில் எவ்வாறு தோன்றின, அவற்றை அமைப்பதில் உள்ள நுட்பம் யாது, நம் கிராமத்துத் தச்சரும் நெசவாளரும் அவற்றில் எவற்றைச் செய்துகொள்ளலாம் என்பனவற்றை அங்கத்தினர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கை செய்யும் கணக்கு

இலையிலிருந்து வாய்க்கு ஒரு கவளம் போய்ச் சேருவதற்குள் கை 4 வேலைகளைச் செய்கிறது. தோள் சிறிது உயர்ந்து முன்னே வருகிறது, முழங்கை மடங்குகிறது, முன்கை திரும்பி, கீழே நோக்கியிருந்த உள்ளங்கை முகத்தை நோக்குகிறது, விரல்கள் பற்றி, பின் விடுகின்றன. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆரோக்கியமான மனிதர்களைக் கொண்டு அன்றாட வேலைகளின்போது முழங்கையின் அசைவை அளந்து பார்த்தார்கள். பெரும்பாலான வேலைகளுக்கு முழங்கை 30 பாகையிலிருந்து 130 பாகை வரை மடங்கி நீள வேண்டியிருக்கிறது என்றும், முன்கை உட்புறம் 50 பாகையும் வெளிப்புறம் 50 பாகையும் திரும்பினால் போதும் என்றும் கண்டார்கள். வாய்க்கு உணவைக் கொண்டுபோவது இக்கணக்கின் மேல் எல்லையை ஒட்டிய வேலை. ஆகவே முழங்கை 90 பாகையோடு நின்றுவிட்ட ஒருவருக்குக் கவளம் மார்பு வரை வரும், வாயைத் தொடாது.

இந்தக் கணக்கு தெரிந்தால் கருவியின் கணக்கும் விளங்கிவிடும். எந்த அசைவு குறைந்திருக்கிறதோ அந்த அசைவின் வேலையைக் கருவி ஏற்க வேண்டும். தோள் உயராதவருக்குத் தட்டை உயர்த்த வேண்டும். முழங்கை மடங்காதவருக்குக் கரண்டியின் காம்பு நீள வேண்டும். முன்கை திரும்பாதவருக்குக் கரண்டியின் கழுத்தை வாயின் பக்கம் வளைக்க வேண்டும். விரல் இறுகாதவருக்குப் பிடி பருக்க வேண்டும். விரல் சிறிதும் மூடாதவருக்கு உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை கட்டி, அதில் கரண்டியைச் செருக வேண்டும். ஒரு கையே உள்ளவருக்குத் தட்டு நகராதிருக்க வேண்டும். அதன் விளிம்பு ஒரு புறம் சுவர்போல் எழுந்து, சோறு அதில் முட்டித் தானே கரண்டியில் ஏற வேண்டும்.

எளிது போலத் தோன்றும் இதில் சிக்கலும் உண்டு. காம்பை நீட்டினால் கரண்டி கனக்கிறது. நுனியில் சிறு நடுக்கமும் பெரிதாகிச் சோறு சிந்துகிறது. கை நடுங்குகிறவருக்குக் கனத்த கரண்டி சில வேளை துணை செய்கிறது. அதே கரண்டியைத் தசை தளர்ந்தவரிடம் கொடுத்தால் நாலு வாய்க்குள் களைத்துவிடுகிறார். வளைந்த கரண்டி வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. எனவே ஒரே கருவியை எல்லோருக்கும் கொடுப்பது இயலாது. பாவின் நீளமும் அச்சின் கணக்கும் அறியாமல் தறி ஏற்றுவதில்லை என்பதை அறிந்த நம் நெசவாளர்களுக்கு இந்த உண்மை புதிதன்று.

போரும் நோயும் கற்பித்தவை

இத்தகைய கருவிகள் பலவும் பெருந்துன்பங்களின் பின்னரே தோன்றின. ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன் 1797ஆம் ஆண்டில் டெனரீப் தீவில் நடந்த போரில் வலக்கையை இழந்தார். அதன் பின்னர், கத்தியும் முட்கரண்டியும் ஒன்றாய் இணைந்த கருவியைக் கொண்டு அவர் ஒரு கையால் உண்டார். அவ்வகைக் கருவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அறுப்பதற்குப் பதில் தொட்டில்போல் முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் துண்டாக்கும் வளைந்த கத்தியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஒரு கையால் தோசையைத் துண்டாக்க முயன்றவர்கள் அதன் அருமையை உடனே உணர்வார்கள்.

அடுத்து வந்தது இளம்பிள்ளைவாதம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்நோய் பல்லாயிரம் பேரின் கைகால்களைச் செயலிழக்கச் செய்தது. அமெரிக்க ஜனாதிபதியாக விளங்கிய பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1921இல் கால்களின் வலுவை இழந்தார். ஜார்ஜியா மாகாணத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் 1927இல் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவினார். அத்தகைய நிலையங்களில் பயன்பட்ட ஒரு கருவி நம் கவனத்துக்கு உரியது. நாற்காலியின் கையில் பொருத்திய தாங்கியில் முன்கையைத் தொட்டில்போல் கிடத்துவார்கள். அத்தாங்கி குண்டுகள் பொருத்திய அச்சின்மேல் சுழலும். தோளைச் சற்றே அசைத்தால் முன்கை ஏற்றக்கோல்போல் தாழ்ந்து எழும். கையின் எடையைக் கருவி தாங்கிக்கொள்வதால், கையை உயர்த்தும் வலு இல்லாதவரும் உணவை வாய்க்குக் கொண்டுபோக முடிந்தது. கிணற்றில் ஏற்றம் இறைத்த நம் உழவர்களுக்கு, எடைக்கு எடை ஈடுகட்டும் அந்தத் தத்துவம் பழகிய ஒன்றே.

1955இல் சால்க் கண்டறிந்த தடுப்பூசி பயனுள்ளதென அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் கடைசியாக இந்நோய் கண்டது 2011இல். 2014இல் நம் நாடு அந்நோய் நீங்கிய நாடென அறிவிக்கப்பட்டது. நோய் போய்விட்டது, அதன் தழும்பைத் தாங்கியவர்கள் நம்மிடையே இன்றும் வாழ்கிறார்கள். அவர்களோடு பக்கவாதம் கண்டவர், முடக்குவாதத்தால் மூட்டு இறுகியவர், விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தவர், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைகள் ஆகிய அனைவரையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் இது சிலருடைய கஷ்டம் மட்டுமன்று என்பது தெளிவாகும்.

கூட்டுறவு ஆலையில் பிறந்த கத்தி

கூட்டுறவாளர்களாகிய நாம் விசேஷமாக அறிய வேண்டிய வரலாறு ஒன்று சுவீடன் நாட்டில் இருக்கிறது. அந்நாட்டு நுகர்வோர் சங்கங்கள் 1899இல் ஒன்றுகூடி ஓர் ஒன்றியத்தை அமைத்தன. ஸ்டாக்ஹோம் நகரை அடுத்த குஸ்தாவ்ஸ்பர்க் என்னும் ஊரின் பழைய பீங்கான் ஆலையை அந்த ஒன்றியம் 1937இல் விலைக்கு வாங்கிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது கூட்டுறவின் உடைமையாகவே இருந்தது. சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் நல்ல தட்டும் கோப்பையும் செய்து கொடுத்தது. பின்னாளில் பிளாஸ்டிக் பொருள்களையும் செய்தது.

அந்த ஆலைக்காக 1970களில் மரியா பெங்க்ட்சன் என்ற பெண்மணியும் ஸ்வென்-எரிக் யூலின் என்பவரும் ஒரு ரொட்டிக் கத்தியை அமைத்தார்கள். அவர்கள் அழகிலிருந்து தொடங்கவில்லை, கையிலிருந்து தொடங்கினார்கள். மூட்டு வீங்கி வலுக் குறைந்த கைகள் ஒரு பிடியை எப்படிப் பற்றுகின்றன, எந்த இடத்தில் வலிக்கிறது என்பதை, பல அளவிலான மாதிரிப் பிடிகளைச் செய்து, அத்தகையவர்களிடமே கொடுத்துச் சோதித்தார்கள். சாதாரணக் கத்தியைப் பிடிக்கும்போது மணிக்கட்டு வளைகிறது. வளைந்த மணிக்கட்டில் வலு குறைகிறது. எனவே தச்சரின் ரம்பத்துக்கு இருப்பதுபோலப் பிடியை நிமிர்த்தி அமைத்தார்கள். மணிக்கட்டு நேராக நின்றது. ரொட்டியைப் பிடிக்க மற்றொரு கை இல்லாதவருக்காக ஒரு சட்டத்தையும் செய்தார்கள். ரொட்டி அதில் அசையாமல் கிடக்கும், கத்தி அதன் பிளவில் நேராக ஓடும். 1974இல் இக்கத்தி அந்தக் கூட்டுறவு ஆலையிலிருந்து வெளிவந்தது.

நம் வீட்டு அரிவாள்மணையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அலகு அசையாமல் நிற்க, மணையைக் காலால் அழுத்தி, காயைக் கொண்டுபோய் அலகில் கொடுக்கிறோம். ஒன்றை நிலைநிறுத்தினால் மற்றொன்றுக்கு வேலை குறையும் என்ற அறிவு நம் சமையலறையிலும் நெடுங்காலமாக இருக்கிறது. சுவீடன் நாட்டார் அதையே, கையில் குறை உடையவரின் பொருட்டு வேண்டுமென்றே செய்தார்கள்.

பின்னர் அவ்விருவரும் 1978ஐ ஒட்டிய ஆண்டுகளில் உண்பதற்கும் பருகுவதற்குமான கருவித் தொகுதி ஒன்றை உருவாக்கினார்கள். எஃகும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த கரண்டி, கத்தி, முட்கரண்டி ஆகியவை அதில் இருந்தன. அவை எடை குறைந்தவை. வலுவற்ற கைக்கு இசைந்த பிடிகளை உடையவை. பார்ப்பதற்கு அழகிய விருந்துச் சாமான்களாகவே இருந்தன. ஆஸ்பத்திரிச் சாமானென்று எவரும் நினைக்கமாட்டார்கள். 1988இல் நியூயார்க்கின் நவீன கலைக்கூடம், உடற்குறை உடையோரின் சுயேச்சையான வாழ்வுக்கென அமைந்த பொருள்களுக்கு ஒரு கண்காட்சியே நடத்தியது.

பெங்க்ட்சன் அம்மையார் இக்கருத்தை ஒரு கோபுரமாக வைத்து விளக்கினார். அடித்தளத்தில் வலுச் சற்றுக் குறைந்த முதியோர். நடுவில் நோயால் வலுவும் அசைவும் குறைந்தவர். உச்சியில் கை பெரும்பாலும் செயலிழந்தவர். உச்சியில் இருப்பவருக்குப் பொருந்துமாறு ஒன்றைச் செய்தால் கீழே இருப்பவர் அனைவருக்கும் அது எளிதாகும் என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் சாம் பார்பர் என்ற வியாபாரி, மூட்டுவலியால் அவதியுற்ற தம் மனைவியின் கைக்கென எண்ணித் தொடங்கிய பருத்த ரப்பர்ப் பிடியுள்ள தோல்சீவி முதலிய சமையற் கருவிகள் 1990இல் கடைக்கு வந்தன. நோயில்லாதவர்களே அவற்றை விரும்பி வாங்கியது இக்கருத்துக்கு நல்ல சான்று.

நம் தொழிலிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவை அமைப்பதற்கு முன், நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் ஏந்த வேண்டியிருந்தது. அகலமான துணிக்கு இருவர் தேவைப்பட்டனர். கையெட்டும் தூரத்துக்குள் வேலையைக் கொண்டுவந்ததே கேயின் சாதனை. உண்கருவி அமைப்பவர் செய்வதும் அதுவே.

வேலூரில் கண்ட உண்மை

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையால் மீண்டும் அசையச் செய்தார். ஆனால் அசைவு திரும்பியும் உணர்ச்சி திரும்பாத கைகளைப் பற்றி அவர் கண்ட உண்மை மிகவும் முக்கியமானது. விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை. சூடும் வலியும் தெரியாத காரணத்தால், சுடு பாத்திரத்தைப் பற்றியும், கருவியைத் தேவைக்கு மேல் இறுக்கியும் நாள்தோறும் புண்பட்டே அழிகின்றன.

இதிலிருந்து உண்கருவி அமைப்போருக்குக் கிடைக்கும் பாடம் தெளிவு. கை அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கைக்கு உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பக்கவாதத்திலும் நீரிழிவிலும்கூட உணர்ச்சி குறைவதுண்டு. அத்தகையவரிடம் சூடான காப்பி நிறைந்த உலோக டம்ளரைக் கொடுப்பது ஆபத்து. மரப்பிடியோ துணியுறையோ உள்ள குவளையே அவருக்கு ஏற்றது. பிடியில் கூரிய விளிம்பும் சிராயும் இருத்தலாகாது. ஒரே இடம் அழுந்தாமல் கை முழுவதும் பாரம் பரவ வேண்டும்.

நம்மூரில் நடந்த முயற்சி

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, தொடக்கத்தில் குறிப்பிட்ட நெசவாளரின் இல்லத்துக்குச் சங்கத்து அன்பர்கள் இருவரோடும் ஒரு தச்சரோடும் நாம் சென்றோம். நமக்கு இருந்த உற்சாகத்தில் ஒரு தவறு செய்தோம். அவரைக் கேளாமலே ஒரு முழ நீளக் காம்புள்ள கரண்டியைச் செய்து எடுத்துப்போயிருந்தோம். முதல் நாலு வாய்க்குள் அவர் விரல்கள் சோர்ந்தன. கை எழ எழக் கரண்டி சாய்ந்து சோறு மார்பில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை மெல்லத் தரையில் வைத்துவிட்டார். அந்த மௌனம் நமக்கு நல்ல பாடமாயிற்று.

இரண்டாம் முறை காம்பைக் குறைத்து, பிடியைக் கழிவு நூலால் சுற்றிப் பருக்கச் செய்தோம். பிடிப்பு நன்றாக இருந்தது. ஆனால் குழம்பும் மோரும் நூலில் ஊறி இரண்டே நாளில் நாற்றம் எடுத்தது. அப்போதுதான் அவர் வாய் திறந்தார். "தம்பி, நாடாக் கயிற்றில் ஒரு கட்டை தொங்குமே, பார்த்திருக்கிறாயா? நடுவில் பருத்து, இரண்டு பக்கமும் சிறுத்திருக்கும். அந்த வடிவில் கடைந்து கொடு. என் கைக்கு அது தெரியும்" என்று தச்சரிடம் சொன்னார். "அப்படியே செய்கிறேன் ஐயா" என்று தச்சர் எடை குறைந்த மரத்தில் கடைந்து, நன்றாக இழைத்து, எண்ணெய் ஏற்றிக் கொண்டுவந்தார். நாற்பதாண்டுகள் பழகிய வடிவம் அல்லவா? தளர்ந்த விரல்கள் அதைச் சுற்றித் தாமாகவே அமைந்தன. மேலும் நழுவாதிருக்க, இரண்டு விரற்கடை அகலத்தில் நெய்த பருத்திப் பட்டை ஒன்று புறங்கையைச் சுற்றிப் பிடியோடு கட்டப்பட்டது.

கரண்டியின் கழுத்தைச் சிறிது சிறிதாக வாயின் பக்கம் வளைத்தோம். வாயருகே வரும்போது கரண்டி மட்டமாக நிற்கும்வரை, வெறும் தண்ணீரை முகந்து பலமுறை சோதித்தோம். தட்டை மார்புயரப் பலகைமேல் வைத்தோம். அதன் அடியில் நனைத்த துணியை விரித்ததால் தட்டு நகரவில்லை. முழங்கையின் கீழ் ஒரு சிறு தலையணை. அங்கேதான் வேலை முடிந்தது. முழங்கை ஊன்றிய இடத்தில் நிற்க, முன்கை மட்டும் தாழ்ந்து எழுந்தால் போதும். தோள் உயர வேண்டியதேயில்லை. தட்டின் ஒரு பாதிக்குத் தகரத்தால் மழுங்கிய விளிம்புடைய சுவர் அமைத்தோம்.

அன்று அவர் குழைந்த சாம்பார் சாதம் ஒரு தட்டு முழுவதும் உண்டார். அரை மணி நேரம் ஆயிற்று. பாதி வழியில் இரண்டு முறை ஓய்வெடுத்தார். சிறிது சிந்தியது. மருமகள் எழுந்து உதவ வந்தபோது, "இரு அம்மா" என்று கையமர்த்தினார். ரசத்தையும் மோரையும் இன்னும் குவளையில்தான் பருகுகிறார். கரண்டியில் அவை நிற்பதில்லை. நாம் அவரைக் குணப்படுத்திவிடவில்லை. ஆயினும் பசித்த வேளையில், வேண்டிய அளவு, தன் கையால் உண்கிறார்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

இத்தகைய நிலையில் உள்ளவர் வீட்டில் இருப்பின், முதலில் மருத்துவரையும், ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை அளிப்பவரையும் அணுகுதல் வேண்டும். மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த மருத்துவமனைகளில் அவர்களைக் காணலாம். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு விழுங்குவதிலும் தடை உண்டு. உண்ணும்போது இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால், கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிமிர்ந்து அமர்ந்து உண்பதும், சிறு கவளமாக உண்பதும் அவசியம். கை திரும்ப வலுப்பெறும் நிலையில் இருந்தால் பயிற்சியை நிறுத்தலாகாது. கருவி பயிற்சிக்குத் துணையேயன்றி அதற்கு மாற்று அன்று.

அடுத்து, கருவி செய்யுமுன் கையைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் வாய்க்கும் தட்டுக்கும் உள்ள தூரம், முழங்கை மடங்கும் அளவு, உள்ளங்கை திரும்பும் அளவு, விரல் மூடும் வலு, சூடு தெரிகிறதா என்பது ஆகிய ஐந்தையும் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிடியின் பருமன் சுமார் 3 செ.மீ. அளவிலிருந்து தொடங்கிக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். மாதிரியை ஈர மண்ணாலோ சுற்றிய துணியாலோ செய்து, கையில் கொடுத்துப் பார்த்த பின்னரே மரத்தைக் கடைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்பவரைக் கேட்க வேண்டும். அவர் கையை அவரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இல்லை.

உலகில் இன்று மின்விசையால் இயங்கும் கருவிகளும் உண்டு. 1987இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில், மூளை முடக்குவாதம் கண்ட ஒரு சிறுவன் பிறர் ஊட்டாமல் உண்பதற்கென ஓர் இயந்திரக் கை அமைக்கப்பட்டது. கை நடுங்கினாலும் கரண்டி நடுங்காதபடி உள்ளே சிறு மோட்டார் கொண்ட கரண்டிகளும் பின்னர் வந்தன. கை சிறிதும் அசையாதவருக்கு இவை பெரும் உதவி. ஆயினும் அவற்றின் விலை நம் குடும்பங்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. பழுது பார்ப்போரும் அருகில் இல்லை. மர ஆசாரியும் தகர வேலைக்காரரும் நெசவாளரும் சேர்ந்து செய்யக்கூடியவை சிலவேயாயினும், உடைந்தால் மறுநாளே சரிசெய்துகொள்ளக் கூடியவை. 2016இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இவர்கள் சமுதாயத்தில் சமமாக வாழும் உரிமையை உறுதி செய்கிறது. அச்சட்டத்தின் பொருள் பந்தியிலும் விளங்க வேண்டாமா?

ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர் குடும்பங்களில் இத்தகையவர் எத்தனை பேர் என்று ஒருமுறை கேட்டறியலாம். ஒருவருக்குச் செய்த கருவியின் அளவுகளைக் குறிப்பேட்டில் பதிந்து வைத்தால் அடுத்தவருக்கு அது வழிகாட்டும். பொதுக்கூட்டப் பந்தியில் மார்புயர மேஜை ஒன்றும், விளிம்புயர்ந்த தட்டு இரண்டும், வளைந்த கரண்டி இரண்டும் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அவற்றைத் தனியே ஒரு மூலையில் போடாமல், எல்லோரும் அமரும் வரிசையிலேயே போடுவது முக்கியம்.

அந்த நெசவாளரின் சங்கத்தில் அடுத்த பொதுக்கூட்டம் வரவிருக்கிறது. பந்தியில் அமர்வதாக அவர் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மேஜை செய்யும் வேலையைத் தச்சர் தொடங்கிவிட்டார்.